சின்ன கேமராவா, பெரிய கேமராவா? தம்பி மகளுக்கு நான் சொன்ன பதில்



இரண்டு வாரமாக நான் எதுவும் எழுதவில்லை. "டீச்சர், உடம்பு நல்லா இருக்கா?" என்று விசாரித்த எல்லோருக்கும் நன்றி. முழங்கால் வலி வழக்கம்போல இருக்கிறது, மற்றபடி நலம். எழுதாததற்குக் காரணம் வேறு. எங்கள் வீட்டில் ஒரு கேமரா வழக்கு நடந்தது. நீதிபதி நான்தான். தீர்ப்பு சொல்லிவிட்டேன். ஆனால் வழக்கில் வந்த விஷயங்கள் உங்களில் பலருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

என் தம்பி மகள் தாவரவியல் முதுகலை படிக்கிறாள். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் முளைக்கிற சின்னச் செடிகளைப் பற்றித்தான் அவளுடைய ஆய்வு. நாம் களை என்று பிடுங்கிப் போடுகிறதெல்லாம் அவளுக்குப் பாடம். அவளுக்குக் கேமரா வேண்டும். கூடப் படிக்கிற பிள்ளைகள் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருக்கிறார்கள், எனக்கும் அதுதான் வேண்டும் என்றாள். தம்பி முந்திரியில் மிஞ்சிய 40,000 ரூபாயை எடுத்து வைத்திருந்தான். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்ததே, அதில் அவனுடைய தோப்பு முழுக்க விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு வைத்த ஒட்டுக் கன்றுகளில் வந்த பணம் அது. அதனால் அந்த 40,000-ஐ நான் சாதாரணமாக நினைக்கவில்லை.

அவன் வந்து, "இன்னாக்கா, எனக்கு ஒண்ணும் புரியல. கடைக்காரன் பெரிசு வாங்குன்றான். உன் பழைய மாணவன் ஒருத்தன் சின்னது போதும்ன்றான். நீயே ஒரு முடிவு சொல்லு" என்று உட்கார்ந்துவிட்டான்.

எனக்கும் தெரியாது. ஆனால் 33 வருஷம் பிள்ளைகளிடம் "தெரியாட்டி கேளு, இல்லன்னா செஞ்சு பாரு" என்று சொன்னவள் நான். அதையே செய்தோம்.

விருத்தாசலத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் மாணவனிடம் கேனன் 1500டி இருந்தது. கூட வருகிற 18-55 லென்ஸோடு கடனாகக் கொடுத்தான். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வந்திருந்த இன்னொரு மாணவன் ஒலிம்பஸ் டஃப் டி.ஜி. 6 வைத்திருந்தான். தண்ணீர், தூசி, கீழே விழுவது எல்லாவற்றையும் தாங்கும் முரட்டுக் கேமரா. கையடக்கமாக ஒரு பெரிய சோப்புப் பெட்டி மாதிரி இருக்கும். இரண்டையும் ஒரு வாரம் வைத்துக்கொண்டோம். இருவருக்கும் நன்றி. பெயர் போடவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் எண்கள். கணக்கு வகுப்பில் தூங்கியவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

கேமராவுக்குள் ஒளியை வாங்குகிற சில்லு இருக்கிறது, சென்சார் என்பார்கள். பெரிய கேமராவில் அது 22.3-க்கு 14.9 மில்லிமீட்டர். சின்னதில் சுமார் 6.2-க்கு 4.6 மில்லிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், பரப்பு கிட்டத்தட்ட 12 மடங்கு வித்தியாசம். மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு அண்டாவையும் ஒரு டம்ளரையும் வைத்தால் எதில் அதிகம் தண்ணீர் சேரும்? அதே கதைதான். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சின்ன கேமராவின் லென்ஸ் எஃப் 2 வரை திறக்கும். பெரியதோடு வருகிற லென்ஸ் எஃப் 3.5 வரைதான் திறக்கும். அதனால் ஒரே அளவு இடத்தில் சின்னதுக்கு மூன்று மடங்கு ஒளி கிடைக்கிறது. ஆகவே 12 மடங்கு வித்தியாசம் நடைமுறையில் 4 மடங்காகக் குறைகிறது. ஜூம் இழுத்தால் இந்தச் சலுகை பெரும்பாலும் போய்விடும். இதுதான் உண்மையான கணக்கு. "பெருசுன்னா பெருசுதான்" என்று சொல்கிறவனும் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்கிறவனும் பாதிதான் சொல்கிறார்கள்.

எடை: பெரியது லென்ஸோடு சேர்த்து முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. சின்னது கால் கிலோ. படத்தின் நுணுக்கம்: பெரியது 24 மெகாபிக்சல், சின்னது 12. ஒருமுறை சார்ஜ் போட்டால் நிறுவனக் கணக்குப்படி பெரியது சுமார் 500 படம், சின்னது சுமார் 340 படம்.

சின்னது 15 மீட்டர் ஆழம்வரை தண்ணீரில் போகும். ஆள் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும். லென்ஸ் வெளியே நீண்டு வராது. ஒளியை உள்ளேயே திருப்பி, மடித்து வைத்திருக்கிறார்கள். நீளுகிற பாகம் இல்லாததால்தான் தண்ணீர் புகாமல் அடைக்க முடிகிறது. ஆனால் அந்தக் குட்டிப் பெட்டிக்குள் லென்ஸை மடித்து வைக்கவேண்டும் என்பதால் பெரிய சென்சாரும் வைக்க முடியாது. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்கியிருக்கிறார்கள்.

எண்கள் முடிந்தன. இனி நடந்தது.

முதல் நாள். கார்த்திகைக்கு முந்தைய வாரம். விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளில் அகல் விளக்கு வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. தெரிந்த பட்டறை ஒன்றுக்குப் போனோம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் மண் கூழை ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு ஓரத்தில் மண் படிந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிடுகிறார்கள். உள்ளே பொம்மை உருவம் நிற்கிறது. அகல், பொம்மை, ஜாடி என்று வரிசையாகக் காய்கின்றன. எங்கே கை வைத்தாலும் வெள்ளைத் தூசி. தேய்த்து மழுப்புகிற பெண்களின் புருவமெல்லாம் வெள்ளை. ஸ்டூடியோ மாணவன் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தான், "டீச்சர், அங்க போய் லென்ஸ மட்டும் கழட்டிடாதீங்க." பெரிய கேமராவை வெளியே எடுக்கவே என் மருமகள் பயந்தாள். நாலு படம் எடுத்தாள், பைக்குள் வைத்துவிட்டாள். அந்த நாலு படமும் நன்றாகத்தான் வந்தன. சின்னதில் 70 படம் எடுத்தாள். வீட்டுக்கு வந்து மூடி எல்லாம் சரியாக அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குழாயடியில் கழுவினாள். பாத்திரம் கழுவுவது போலக் கேமராவைக் கழுவுவதைப் பார்த்துத் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

இரண்டாம் நாள் வயலில். களை எடுப்பு நடந்துகொண்டிருந்தது, முதல்நாள் பெய்த மழையில் வரப்பெல்லாம் வழுக்கல். கரிசலாங்கண்ணிப் பூவைப் பார்த்திருப்பீர்கள், சட்டைப் பித்தான் அளவுகூட இருக்காது. அதன் நடுவில் இருக்கிற ஒவ்வொரு குட்டிப் பூவும் அவளுக்குத் தனியாகத் தெரியவேண்டும். பெரிய கேமராவோடு வந்த லென்ஸ், சென்சாரிலிருந்து கால் மீட்டர் தூரத்துக்கும் கிட்டே வந்தால் தெளிவாக எடுக்காது. கிட்டப் போகவேண்டுமென்றால் தனியாக மேக்ரோ லென்ஸ் வாங்கவேண்டும். அது இந்தப் பட்ஜெட்டில் வராது. சின்னது பூவுக்கு ஒரு சென்டிமீட்டர் தூரம்வரை போய் எடுக்கிறது. அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினாள். 60 வயதுக்கு மேலாகியும் நான் பார்க்காத பூ அது. தினமும் மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அங்கேயே ஒரு குறையும் தெரிந்தது. வெயில் ஏறியதும் சின்னதின் திரையில் ஒன்றும் தெரியவில்லை. சேலைத் தலைப்பைப் போட்டு மூடிப் பார்க்கவேண்டியிருந்தது. பெரியதில் கண்ணை வைத்துப் பார்க்கிற துவாரம் இருக்கிறது, எந்த வெயிலிலும் தெளிவு.

மூன்றாவது, கார்த்திகை தீபத்தன்று இரவு. வாசலில் அகல் ஏற்றினோம். இதில் பெரியதுதான் ஜெயித்தது, வாதமே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் என் அம்மாவின் முகச் சுருக்கம்கூட அழகாக விழுந்தது. பின்னால் இருந்த விளக்குகள் மங்கி, பொட்டுப் பொட்டாகத் தெரிந்தன. சின்னது எடுத்ததில் முகத்தில் மணல் தூவினமாதிரி புள்ளி புள்ளி. 88 வயது அம்மா அதைப் பார்த்து, "எனக்கு மறுபடி அம்மை போட்டுதாடி?" என்றார்கள்.

நான்காவது, மறுநாள் பிடித்த மழை. பெரியது பையை விட்டு வெளியே வரவில்லை. சின்னதை எடுத்துக்கொண்டு அவள் தெருவில் இறங்கிவிட்டாள். பள்ளிவிட்டு நனைந்துகொண்டு வருகிற பிள்ளைகள், ஓலைக் குடிசைமேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டுகிற ஒரு குடும்பம், வாய்க்காலில் தூண்டில் போடுகிற பையன், எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்று ராத்திரி படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் கேட்டாள். "அத்தை, சும்மா சொல்லக்கூடாது, தீபப் படம் எவ்ளோ நல்லா இருக்கு. படம் நல்லா வரணும், அதுதானே முக்கியம்? இல்லன்னா எதுக்குக் கேமரா வாங்கணும்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல நான் 1998-க்குப் போகவேண்டியிருந்தது.

அப்போது நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு நல்ல கேமரா இருந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவரின் மகன் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்து அன்பளிப்பாகக் கொடுத்தது. தோல் உறை போட்ட, லென்ஸ் கழற்றி மாட்டுகிற ஃபிலிம் கேமரா. அது பீரோவில் இருந்தது. சாவி தலைமையாசிரியரிடம். குடியரசு தினத்தன்றும் சுதந்திர தினத்தன்றும் வெளியே வரும். மற்ற நாளில் யாராவது கேட்டால், "விலை ஒசந்த பொருளும்மா, ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்பார். அவரைக் குறை சொல்லவில்லை. பொறுப்பான மனிதர். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளுக்கு அவர்தானே ஜவாப்?

அந்த வருஷம் நவம்பர் 14, குழந்தைகள் தினம். மாறுவேடப் போட்டி. ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் நேரு வேடம் போட்டு வந்தான். மாமாவின் வெள்ளைச் சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. அதன்மேல் யாருடையதோ ஒரு கோட்டு. காகிதத்தில் அம்மா செய்துகொடுத்த ரோஜாப் பூ. காலையிலிருந்து மழை. தாழ்வாரத்தில்தான் போட்டி நடந்தது, அங்கேயும் சாரல். நான் போய் கேமரா கேட்டேன். "இந்த மழையிலயா? வேணாம்மா, இன்னொரு நாள் வேஷத்தப் போட்டு நிக்க வெச்சு எடுத்துக்கலாம்" என்றார் தலைமையாசிரியர். என்னிடம் சொந்தமாக ஒரு கோடாக் கே.பி. 10 இருந்தது. அதையும் நான் அன்று கொண்டுவரவில்லை. மழைக்குப் பயந்து வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். ஆக, குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. பள்ளியில் அப்படித்தான், அரைப் பரீட்சை, பொங்கல், ஆண்டு விழா என்று ஓடிவிடும்.

அந்தப் பையன் 22 வயதில் பைக் விபத்தில் போய்விட்டான். உங்களில் அந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு யாரென்று தெரியும், பெயர் எழுதவேண்டாம். 2015 வெள்ளத்தில் அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, இருந்த ஒன்றிரண்டு படமும் ஊறிப் போய்விட்டது. அதற்கடுத்த தை மாதம் அவன் அம்மா என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். "டீச்சர், கோட்டு போட்டுக்கினு ரோஜாப்பூ குத்திக்கினு நின்னானே, அந்தப் போட்டோ ஒண்ணு உங்ககிட்ட இருக்குமா? பெரியவனானது இருக்கு. சின்னப் புள்ளையில எடுத்தது ஒண்ணுமே இல்ல."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பரணில் இருந்த ஆல்பத்தையெல்லாம் இறக்கினேன். அந்த வருஷக் கடைசியில் என் கே.பி. 10-இல் எடுத்த வகுப்புப் படம் ஒன்று இருந்தது. பின்வரிசையில் இடமிருந்து நாலாவது. முன்னால் நிற்கிறவன் தலை மறைத்து முகம் முக்கால்வாசிதான் தெரிகிறது. அதை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிசுபடுத்தினோம். கே.பி. 10 மலிவான கேமரா, ஃபோகஸ் திருப்புகிற வசதி கிடையாது. பெரிசாக்க ஆக்க முகம் கரைந்துகொண்டே போனது. ஒரு தபால் அட்டை அளவுக்கு மேல் போகமுடியவில்லை. அதைத்தான் அந்த அம்மா சாமி மாடத்தில் வைத்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டு அவளைப் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். ஆனாலும் கெட்டிக்காரி, விடவில்லை. "அப்ப நான் சொன்னதுதானே அத்தை சரி? நல்ல கேமராவுல எடுத்திருந்தா முகம் தெரிஞ்சிருக்குமே?"

ஆமாம். அதையும் ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கதை இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. பீரோவில் இருந்த நல்ல கேமரா நேரு வேடத்தை எடுக்கவில்லை. கூடவே இருந்த சாதாரண கேமரா எடுத்த முகம் தெளிவாக இல்லை. ஆனால் சாமி மாடத்தில் இன்று ஏதோ ஒரு படம் இருக்கிறதே, அது எந்தக் கேமரா எடுத்தது என்று பாருங்கள். அந்தத் தோல் உறைக் கேமரா என்ன ஆனது தெரியுமா? சில வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தபோது லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சை படர்ந்திருந்தது. வெளிச்சம் படாமல், காற்றுப் படாமல் ஈர உறைக்குள் வைத்தால் அப்படித்தான் ஆகும். பத்திரமாக வைத்தே அழித்தோம்.

அதோடு, இன்றைய சின்ன கேமராவை அன்றைய கே.பி. 10-ஓடு ஒப்பிடக்கூடாது. 12 மெகாபிக்சல் என்றால் 4000-க்கு 3000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று நல்ல தரத்தில் பிரிண்ட் போட்டாலே 13 அங்குல அகலம் வரும். பகல் வெளிச்சத்தில் எடுத்த வகுப்புப் படத்தில் பின்வரிசைப் பையனின் முகம் தெரியும். மழை நாள் தாழ்வாரத்திலும் ஓரளவு தெரியும். அந்த அம்மாவுக்கு அது போதும்.

ஆகவே என் கருத்து இது. முதல் கேள்வி "எது நல்ல படம் எடுக்கும்?" என்பதல்ல. "எது என் கூடவே வரும்?" என்பதுதான் முதல் கேள்வி. கூட வருகிறவற்றில் எது நல்ல படம் எடுக்கும் என்பது இரண்டாவது கேள்வி. வரிசையை மாற்றிக் கேட்டால் பணம் பீரோவுக்குள் போய்விடும்.

கம்மாபுரம் பக்கத்து வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி கார்த்திகையில் மழை, சேறு. சித்திரையில் செம்மண் புழுதி. முந்திரி பொறுக்கப் போனால் கையெல்லாம் பால் பிசுக்கு. டவுன் பஸ்ஸில் நெரிசல், டூ வீலரில் குலுக்கல். இதற்கு நடுவே வயலுக்கும் ஏரிக்கும் போகிற ஒரு பெண், முக்கால் கிலோ கண்ணாடிப் பாத்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு பயந்து பயந்து நடக்கவேண்டாம். அவளுக்குத் தாங்குகிற சின்ன கேமராதான்.

ஆனால் எல்லோருக்கும் இதே தீர்ப்பு இல்லை. நீங்கள் கேட்கும் முன்னே சொல்லிவிடுகிறேன்.

1. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று படம் எடுத்துச் சம்பாதிக்க நினைக்கிற பிள்ளைகள் சின்னதை வாங்காதீர்கள். மண்டப வெளிச்சத்தில் அது திணறும். லென்ஸ் மாற்றுகிற கேமராதான் உங்களுக்குத் தொழில்.

2. புகைப்படக் கலையை முறையாகக் கற்க விரும்புகிறவர்களுக்கும் பெரியதுதான். திறப்பு, வேகம் இரண்டையும் நாமே வைத்து எடுக்கிற வசதி சின்னதில் முழுசாக இல்லை. ஷட்டர் வேகத்தை அது நம் கையில் கொடுப்பதில்லை.

3. வீராணம் ஏரிக்குப் போய்ப் பறவை எடுக்கவேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இரண்டுமே போதாது. 18-55 லென்ஸும் எட்டாது, சின்னதின் 4 மடங்கு ஜூமும் எட்டாது. நாரை ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். டி.எஸ்.எல்.ஆர். வாங்கினால் பறவை கிட்ட வந்துவிடும் என்று நினைத்து ஏமாறாதீர்கள். அதற்கு லென்ஸுக்குத் தனிப் பணம் வேண்டும்.

4. டி.எஸ்.எல்.ஆர். வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கேனன் 1500டி, நிக்கான் டி3500 இரண்டுமே 2018-இல் வந்த மாடல்கள். கம்பெனிகள் இப்போது கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன. அதனால் டி.எஸ்.எல்.ஆர். கெட்டுப்போய்விடாது. ஆனால் புதிதாக வாங்குவதைவிட, நன்றாகப் பராமரித்த பழையதைத் தெரிந்தவரிடம் வாங்குவது லாபம். சின்னதிலும் மாற்றம் உண்டு. ஒலிம்பஸ் தன் கேமராத் தொழிலை 2021-இல் கைமாற்றிவிட்டது. 2023-இல் வந்த டி.ஜி. 7, ஓ.எம். சிஸ்டம் என்ற பெயரில் வருகிறது. சர்வீஸ் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

5. "போன் போதாதா டீச்சர்?" பெரும்பாலானவர்களுக்குப் போதும். உண்மையைச் சொன்னால் நல்ல போன் ராத்திரியில் இந்தச் சின்ன கேமராவைவிட நன்றாகவே எடுக்கும். உங்கள் தேவை வீட்டு விசேஷமும் பேரப்பிள்ளைகளும் என்றால் 40,000-ஐப் பேங்கில் போடுங்கள். ஆனால் போனில் தண்ணீர் தாங்கும் என்று ஐ.பி. 68 போட்டிருந்தாலும், தண்ணீர் புகுந்து கெட்டால் பொதுவாக வாரண்டி தருவதில்லை. போன் சேற்றில் விழுந்தால் ஜி.பே., ஓ.டி.பி., பேங்க் எல்லாம் சேர்ந்து விழும். கேமரா விழுந்தால் கேமரா மட்டும்தான் விழும்.

எதை வாங்கினாலும் பராமரிப்பு முக்கியம். பெரியது வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தவிட்டுத் தூசி உள்ளே போகும். வாரம் ஒருமுறையாவது எடுத்து நாலு படம் எடுங்கள். தூசி இருந்தால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ரப்பர் ஊதுகுழல் விற்கிறது. சின்னது வைத்திருப்பவர்கள், தண்ணீர் புகாது என்ற தைரியத்தில் அலட்சியம் செய்யாதீர்கள். பேட்டரி மூடியின் ரப்பரில் ஒரு தலைமுடியோ மணலோ இருந்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். ஈரக் கையோடு மூடியைத் திறக்காதீர்கள். பிச்சாவரத்துக்கோ கடலுக்கோ போய்வந்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். அந்த ரப்பரை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

வழக்கின் முடிவு என்ன என்று கேட்பீர்கள். சின்னது வாங்கச் சொன்னேன். அவள் ஒத்துக்கொண்டாள், ஒரு நிபந்தனையோடு. அடுத்த கார்த்திகைக்கு ஸ்டூடியோ அண்ணனிடம் பெரிய கேமராவை நான் கடன் வாங்கித் தரவேண்டுமாம். ஆயாவை விளக்கு வெளிச்சத்தில் மறுபடி எடுக்கவேண்டுமாம். அவனிடம் சொல்லிவிட்டேன், சரி என்றான். வாங்கப் போகும்போது தம்பியிடம் நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான். "பீரோவுல வெச்சுப் பூட்டமாட்டேன்னு சொல்லு."

மாணவச் செல்வங்களே, கடைசியாக ஒரு வேண்டுகோள். 1998-99-இல் ஐந்தாம் வகுப்புப் படித்த பிள்ளைகளில் யாராவது அந்தக் குழந்தைகள் தினத்தில் வீட்டிலிருந்து கேமரா கொண்டுவந்திருந்தீர்களா? உங்கள் அப்பாவோ மாமாவோ வாசலில் நின்று எடுத்திருந்தாலும் சரி. ஆல்பத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். பரணில் நெகட்டிவ் சுருள் இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், ஸ்டூடியோவில் ஸ்கேன் செய்துவிடலாம், செலவு என்னுடையது. கோட்டு போட்ட பையன் ஓரத்தில் நின்றிருந்தாலும் எனக்கு அனுப்புங்கள். அந்த அம்மா இன்னும் இருக்கிறார்கள். நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

மற்றவர்கள், உங்கள் வீட்டில் என்ன கேமரா, அது கடைசியாக எப்போது வெளியே வந்தது என்று கமெண்டில் எழுதுங்கள். நான் சொன்னதில் தவறு இருந்தால் தாராளமாகத் திருத்துங்கள். ஸ்டூடியோ வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு என்னைவிட நிறையத் தெரியும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
கம்மாபுரம்